14 கேபியில் ஒரு யாளி

1999, ஆவணி மாதம். காஞ்சிபுரம் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில், மாடியில் ஒரு பிரவுசிங் சென்டர். மோடம் கூவி முடித்து இணைப்பு கிடைத்ததும், நான் கட்டிய முதல் இணையதளத்தைப் பட்டுக்கடை முதலாளிக்குத் திறந்து காட்டினேன். அரக்கு நிறப் புடவை ஒன்றின் படம், பாயை மெல்ல விரிப்பதுபோல மேலிருந்து கீழே இறங்கத் தொடங்கியது. அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார். முந்தானை தெரிவதற்குள் அரை நிமிடம் ஓடிவிட்டது.

"தம்பி, கடையில ஆள் வந்து உக்காந்ததும் நாங்க என்ன பண்ணுவோம் தெரியுமா?" என்று கேட்டார். "எடுத்த எடுப்புல புடவையை முழுசாப் பிரிச்சுப் போட மாட்டோம். முதல்ல கரையைக் காட்டுவோம். கரை புடிச்சா உடலைக் காட்டுவோம். உடலும் புடிச்சாத்தான் முந்தானையைப் பிரிப்போம். வந்தவங்களை உக்கார வெச்சுட்டு மூட்டையை அவுத்துட்டிருந்தா, எழுந்து பக்கத்துக் கடைக்குப் போயிடுவாங்க."

அவர் கணினியைத் தொட்டவர் அல்ல. ஆனால் வலைக்குப் படம் சேமிப்பதைப் பற்றி எனக்குக் கிடைத்த முதல் பாடம் அதுதான். இன்றுவரை அதைவிட நல்ல பாடம் எனக்கு யாரும் சொல்லவில்லை.

அன்று அந்தக் கணக்கு எளிமையாக இருந்தது. 28.8 கேபிபிஎஸ் மோடம். கணக்குப்படி நொடிக்கு 3.6 கேபி வர வேண்டும். நடைமுறையில் 3 கேபி வந்தாலே நல்ல நாள். நான் ஏற்றிய படம் 90 கேபி. அரை நிமிடம் ஆனதில் வியப்பில்லை. கடையின் புடவைகளை ஸ்டுடியோக்காரர் பிலிமில் எடுத்து, நாலுக்கு ஆறு அங்குலத்தில் பிரிண்ட் போட்டுக் கொடுத்திருந்தார். அவற்றை அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் ஸ்கேன் செய்தால் 1200க்கு 1800 பிக்சல். சுருக்காமல் வைத்தால் ஒரு படம் 6.5 எம்பி. அதை மோடத்தில் அனுப்பினால் அரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஒரு பிளாப்பியில் கொள்ளும் அளவு 1.44 எம்பி; ஒரே ஒரு புடவையைத் தூக்கிச் செல்லவே ஐந்து பிளாப்பி வேண்டும்.

அன்றிரவு ஒரு முடிவுக்கு வந்தேன். பக்கம் முழுவதும் சேர்த்து 50 கேபிக்கு மேல் போகக் கூடாது. ஒரு புடவைக்கு 14 கேபி. அகலம் 220 பிக்சல், உயரம் 330. அந்த வருடம் வெளியான போட்டோஷாப் 5.5இல் 'சேவ் ஃபார் வெப்' என்ற புதிய ஜன்னல் வந்திருந்தது. இடப்பக்கம் மூலப்படம், வலப்பக்கம் சுருக்கிய படம், அடியில் கோப்பின் எடையும், அது மோடத்தில் இறங்க எத்தனை நொடி ஆகும் என்ற கணக்கும். அந்த நொடிக்கணக்கைப் பார்த்துப் பார்த்துத் தரத்தின் எண்ணைக் குறைப்பேன். 60, 50, 40. ஒவ்வொரு முறையும் கண் போய் நிற்கும் இடம் ஜரிகைக் கரை. அது கலங்கத் தொடங்கினால் ஒரு படி மேலே ஏறுவேன். அறுபது புடவைகள், ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக இந்த ஏற்ற இறக்கம்.

ஜேபெக் என்ன செய்கிறது என்று ஒரு நெசவாளியிடம் சொன்னால் சட்டென்று புரிந்துகொள்வார். படத்தை எட்டுக்கு எட்டு பிக்சல் கொண்ட சதுரங்களாகப் பிரித்துக்கொள்கிறது. ஒவ்வொரு சதுரத்தையும் பல அலைகளின் கூட்டாக எழுதிப் பார்க்கிறது. மெதுவாக மாறும் அலைகளும் உண்டு, மிக வேகமாக மாறும் அலைகளும் உண்டு. வெற்று உடலில் நிறம் மெல்ல வெளுப்பது மெதுவான அலை. ஜரிகை இழை மின்னி மறைவது வேகமான அலை. வேகமான மாற்றங்களில் கொஞ்சம் குறைந்தாலும் மனிதக் கண் பொறுத்துக்கொள்ளும் என்பதால், அவற்றின் அளவுகளைத் தோராயமாக்கி, பலவற்றைப் பூஜ்யமாக்கிவிடுகிறது. நாம் நகர்த்தும் தரத்தின் எண், எவ்வளவு தாராளமாக வெட்டலாம் என்று நாம் கொடுக்கும் அனுமதி. அது சதவீதம் அல்ல. ஒரு மென்பொருளில் 60 என்பது இன்னொன்றின் 60க்குச் சமமும் அல்ல. வெற்று உடலில் இந்த வெட்டு தெரியவே தெரியாது. ஜரிகையில் வெட்டினால் புடவையின் உயிரையே வெட்டியதாகும். ஆகவே எண்ணைப் பார்த்து முடிவெடுக்க முடியாது. கரையைப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும். இந்த ஒரு விதி 1999க்கும் பொருந்தியது, இன்றைக்கும் பொருந்துகிறது.

அந்த அலைக்கணக்குக்குப் பின்னால் நம் பக்கத்து மனிதர்கள் இருக்கிறார்கள் என்பது எனக்குப் பல வருடம் கழித்துத்தான் தெரிந்தது. பெங்களூரில் பிறந்து அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த நசீர் அகமது, அவருடைய ஆய்வு மாணவர் நடராஜன், கிண்டி பொறியியல் கல்லூரியில் படித்துவிட்டு டெக்சாஸில் பேராசிரியரான கே.ஆர்.ராவ் ஆகிய மூவரும் 1974 ஜனவரியில் ஒரு சிறிய கட்டுரை வெளியிட்டார்கள். அதில் சொன்ன கொசைன் உருமாற்றம்தான் 1992இல் தரநிலையாக வந்த ஜேபெக்கின் இதயம். 1972இல் இந்த ஆய்வுக்காக நசீர் அகமது அமெரிக்க தேசிய அறிவியல் அறக்கட்டளையிடம் நிதி கேட்டார், கிடைக்கவில்லை. ஆனாலும் விடாமல் செய்து முடித்தார்கள். உலகத்தில் ஒவ்வொரு கல்யாணப் போட்டோவும், ஒவ்வொரு பேரக்குழந்தையின் முகமும் அந்தக் கணக்கின் வழியாகத்தான் கடல் தாண்டிப் போயிருக்கிறது. தரத்தின் எண்ணை நகர்த்தும்போதெல்லாம் அந்த மூன்று பேரை நான் நினைத்துக்கொள்வேன்.

இனி இன்றைய கதை.

2024 தை மாதம். முதலாளிக்கு அப்போது எழுபத்தேழு வயது. கடையைப் பார்ப்பது அவர் மகள். நான் முதல் தளம் கட்டியபோது ஒன்பது வயதுக் குழந்தையாக என் பக்கத்தில் உட்கார்ந்து, திரையில் புடவை இறங்குவதைப் பார்த்துக் கைதட்டியவர். பழைய தளம் எப்போதோ நின்றுபோய், ஆயத்தமாகத் தளம் கட்டித்தரும் ஒரு சேவையில் அவரே புதிய தளம் தொடங்கியிருந்தார். ஒருநாள் காலையில் என்னை அழைத்தார்.

"அண்ணா, நேத்து ராத்திரி செங்கம் பக்கத்துல இருந்து ஒரு அம்மா போன் பண்ணினாங்க. மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வந்து உக்காந்திருக்காங்க, புடவை காட்டலாம்னு பார்த்தா படம் வராம சுத்திக்கிட்டே இருக்குன்னாங்க. கடைசில, 'வாட்ஸ்அப்ல அனுப்பும்மா'ன்னு சொல்லிட்டாங்க. எனக்கு இங்க தொட்டதும் வருதே, அவங்களுக்கு ஏன் வரலை?"

கடையில் பைபர் இணைப்பு. படங்கள் அவர் போனில் எடுத்தவை. எடுத்த கோப்பை அப்படியே ஏற்றியிருந்தார். 4000க்கு 3000 பிக்சல், படம் ஒன்று 4 எம்பி. ஒரு பக்கத்தில் 40 புடவை. ஆக, ஒரே பக்கம் 160 எம்பி. நாளுக்கு 1.5 ஜிபி என்று ரீசார்ஜ் செய்திருப்பவருக்கு அந்த ஒரு பக்கமே அன்றைய பங்கில் பத்தில் ஒன்றுக்கு மேல். நாள் முழுவதும் பிள்ளைகள் வீடியோ பார்த்த வீட்டில், ராத்திரி எட்டு மணிக்கு அந்தப் பங்கு தீர்ந்திருக்கும். தீர்ந்ததும் பல திட்டங்களில் வேகம் 64 கேபிபிஎஸ்ஸுக்கு இறங்கிவிடும்.

64 என்ற எண்ணை நான் தாளில் எழுதியபோது கை அப்படியே நின்றது. 1999இல் நாங்கள் ஆசைப்பட்ட நல்ல மோடத்தின் வேகம் 56. கால் நூற்றாண்டு கடந்து, கோபுரங்கள் எழும்பி, கண்ணாடி இழைகள் ஊருக்கு ஊர் புதைந்த பிறகும், ஒவ்வொரு இரவும் எத்தனையோ வீடுகளின் போன்கள் அந்தப் பிரவுசிங் சென்டருக்கே திரும்பிப் போகின்றன. நொடிக்கு 8 கேபி. 4 எம்பி படம் ஒன்று இறங்க எட்டரை நிமிடம். நாற்பதும் இறங்க ஐந்தரை மணி நேரத்துக்கு மேல். செங்கத்து அம்மாவின் வீட்டில் மாப்பிள்ளை வீட்டார் அதுவரை உட்கார்ந்திருக்க மாட்டார்கள்.

அன்று கம்பி குறுகலாக இருந்தது, அதனால் நாங்கள் கவனமாக இருந்தோம். கவனமில்லாமல் இருந்திருந்தால் எங்களுக்கே படம் வந்திருக்காது. இன்று படம் செய்கிறவரிடம் வேகமான இணைப்பு இருக்கிறது. காத்திருப்பவர் அவர் கண்ணில் படுவதில்லை. அன்று கம்பி நம்மைக் கட்டாயப்படுத்தியதை இன்று நாமாகவே செய்ய வேண்டும். வாட்ஸ்அப் அனுப்பும்போதே படத்தைத் தானாகச் சுருக்கிவிடுகிறது. அந்த அம்மா அதை நம்பியதில் ஞாயம் இருக்கிறது.

மறுநாள் காஞ்சிபுரம் போனேன். மகளுடன் உட்கார்ந்து, முதலாளி சொன்ன வரிசையிலேயே தளத்தை மறுபடி கட்டினோம். பட்டியல் பக்கத்தில் புடவை முழுவதும் வராது. கரை மட்டும் வரும். 400 பிக்சல் அகலம், 25 கேபி. திரையில் தெரியும் முதல் நாலைந்து படங்கள் மட்டும் இறங்கும். விரலால் தள்ளத் தள்ள மற்றவை வரும். 64இல்கூட முதல் கரை மூன்று நொடியில் கண்ணுக்குத் தெரியும். கரையைத் தொட்டால் உடல். அது எந்த அளவில் வர வேண்டும் என்பதைப் போனே தீர்மானிக்கும்: 400, 800, 1200, 2000 பிக்சல் என நான்கு அகலங்களில் ஒரே படத்தை வைத்துவிட்டு, உன் திரைக்கு எது வேண்டுமோ எடுத்துக்கொள் என்று உலாவியிடம் சொல்லும் வசதி இப்போது இருக்கிறது. சாதாரணப் போனின் திரை அகலம் 1080 பிக்சல்தான். 4000 பிக்சல் அகலப் படத்தை அதற்கு அனுப்பினால், பதினாலில் பதின்மூன்று பங்கு பிக்சல்கள் வழியெல்லாம் காசு செலவழித்து வந்து, திரையைச் சேராமலே வீணாகும். முந்தானையைப் பெரிதாக்கிப் பார்க்க விரும்புகிறவருக்கு மட்டும் 2000.

வடிவத்தைத் தேர்ந்தெடுப்பதும் இன்று கொஞ்சம் விரிந்திருக்கிறது. அன்று போட்டோ என்றால் ஜேபெக், எழுத்தும் இலச்சினையும் என்றால் 256 நிறங்களுக்குள் அடங்கும் கிஃப். 1996இல் தரநிலையான பிஎன்ஜி இருந்தது. அந்நாளைய உலாவிகளை நம்பி அதைப் போடத் துணிவு வரவில்லை. இன்று 2010இல் அறிமுகமான வெப்பி எல்லா முக்கிய உலாவிகளிலும் திறக்கிறது. 2019இல் வரையறுக்கப்பட்ட ஏவிஃப் இன்னும் இறுக்கமாகச் சுருக்குகிறது. ஒரே புடவையை மூன்று வடிவங்களிலும் சேமித்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். ஏவிஃப் எடை குறைவு, வெற்று உடல் வழுவழுப்பாக வந்தது. ஆனால் எண்ணைக் கீழே இறக்கினால் ஜரிகையின் நுண் இழைகளையும் சேர்த்து வழித்துவிடுகிறது. பட்டின் நெசவு தெரியாமல் பிளாஸ்டிக் தாள் மாதிரி ஆகிவிடுகிறது. எடை குறைந்தது என்பதற்காகப் பட்டைப் பட்டில்லாமல் காட்டக் கூடாது. எண்ணை இரண்டு படி ஏற்றினோம்.

நிறத்தின் கதை இதைவிட நுட்பமானது. காஞ்சிப் பட்டில் உடலையும் கரையையும் தனித்தனி நிறத்தில் நெய்து, இழையோடு இழை பிணைத்துச் சேர்ப்பார்கள். கோர்வை என்று பெயர். அரக்கு உடலும் கிளிப்பச்சைக் கரையும் சந்திக்கும் அந்தக் கோடு கத்தியால் கீறியதுபோல இருக்க வேண்டும். ஜேபெக் பெரும்பாலும் வெளிச்சத்தின் விவரத்தை முழுதாக வைத்துக்கொண்டு, நிறத்தின் விவரத்தை அகலத்திலும் உயரத்திலும் பாதியாக்கிவிடும். மரத்துக்கும் மேகத்துக்கும் இது போதும். கோர்வையில் சிவப்பு பச்சைக்குள் கசியும். 1999இல் இதன் காரணம் எனக்குத் தெரியாது; கரையைப் பார்த்து, ஏதோ சரியில்லை என்று எண்ணை ஏற்றுவேன். இன்று காரணம் தெரியும். நிறத்தைப் பாதியாக்கும் அந்த அமைப்பைத் தனியாக அணைக்கலாம் என்பதும் தெரியும். கோர்வைப் புடவைகளுக்கு அதை அணைத்துவிடுகிறோம். கோப்பு கொஞ்சம் கனக்கிறது. இது நியாயமான கனம்.

அன்று நிறத்துக்கு இன்னொரு தடையும் இருந்தது. பலருடைய திரைகள் 256 நிறங்களைத்தான் காட்டும். எல்லாக் கணினிகளிலும் ஒரே மாதிரி தெரியும் என்று நம்பக்கூடியவை 216: சிவப்புக்கு 6 படி, பச்சைக்கு 6, நீலத்துக்கு 6. மாம்பழ மஞ்சளும் மயில் கழுத்தும் வெங்காய நிறமும் அந்த 216க்குள் கிடையாது. பக்கத்தின் பின்னணிக்கு அரக்கு வேண்டும் என்று முதலாளி கேட்டார்; 216இல் தேடி அருகில் வந்த ஒன்றைக் காட்டினேன். "இது அரக்கு இல்ல தம்பி, செங்கல்," என்றார். அவர் சொன்னது சரி. என்னிடம் இருந்தது செங்கல்தான்.

சிவகாசியில் காலண்டர் அச்சடிக்கப் பயன்பட்ட சிடியிலிருந்தும் அவர் படங்கள் கொடுத்தார். அவை அச்சு மைகளின் கணக்கான சிஎம்ஒய்கேயில் இருந்தன. அப்படியே ஏற்றினேன், சில கணினிகளில் படமே திறக்கவில்லை, சிலவற்றில் நிறங்கள் தலைகீழாக வந்தன. அன்றிலிருந்து, வலைக்குப் போகும் ஒவ்வொரு படத்தையும் எஸ்ஆர்ஜிபிக்கு மாற்றிய பிறகே சேமிப்பது என் வழக்கம். 1996இல் முன்மொழியப்பட்ட அந்த நிறவெளிதான் சாதாரணத் திரைகளின் பொது மொழி. இன்றைய போன்கள் சில, அதைவிட அகன்ற நிறவெளியில் படம் எடுக்கின்றன. அந்த விவரத்தைக் கோப்பிலிருந்து கழற்றிவிட்டு, நிறத்தை மட்டும் மாற்றாமல் விட்டால், வாங்குபவரின் திரையில் அரக்கு வெளிறித் தெரியும். பெட்டியைத் திறந்து புடவையைப் பார்க்கும்போது, படத்தில் ஒன்று, கையில் ஒன்று என்று மனம் கசந்துபோகும். பாவு ஒரு நிறம், ஊடை ஒரு நிறம் என்று நெய்த புடவை, ஒளி விழும் கோணத்துக்கு ஏற்ப நிறம் மாறும். அதற்கு ஒரே படம் போதாது; இரண்டு கோணத்தில் இரண்டு படம் வைத்தோம். அந்த இடத்தில் கேபியை மிச்சம் பிடிக்கவில்லை.

அன்று என்னை அதிகம் வாட்டியது தமிழ் எழுத்து. பக்கத்தில் 'முகூர்த்தப் பட்டு' என்று தமிழில் எழுத வேண்டும். பார்ப்பவரின் கணினியில் அந்த எழுத்துரு இருக்காது. ஒவ்வொரு எழுத்துருவுக்கும் ஒவ்வொரு குறியீடு. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாடு விசைப்பலகைக்கும் குறியீட்டுக்கும் வழி சொன்னது என்றாலும், கோலாலம்பூரிலோ டொரன்டோவிலோ உட்கார்ந்திருக்கும் வாடிக்கையாளரின் கணினிக்கு அது போய்ச் சேர நாளாகும். ஆகவே தமிழ்த் தலைப்புகளையெல்லாம் படமாக்கினேன். எட்டே நிறம், ஒரு தலைப்புக்கு 3 கேபி, ஓரம் கூர்மையான கிஃப். கண்ணுக்கு அழகாக இருந்தது. ஆனால் தேடுபொறிக்கு அது எழுத்து அல்ல. பார்வையற்றவரின் கணினி அதை வாசிக்காது. ஊரில் இல்லாத ஒருவர் 'காஞ்சிபுரம் முகூர்த்தப் பட்டு' என்று தமிழில் தேடியிருந்தால் நாங்கள் கிடைத்திருக்க மாட்டோம். வேறு வழியில்லாத காலத்தில் செய்தது அது.

இன்று யூனிகோடு எல்லாப் போனிலும் இருக்கிறது. இருந்தும் மகளின் தளத்தில் 'பொங்கல் தள்ளுபடி' என்ற அறிவிப்பு ஒரே ஜேபெக் படமாக இருந்தது: சிவப்பு எழுத்து, மஞ்சள் பின்னணி, எழுத்தைச் சுற்றி ஈ மொய்த்த மாதிரி அழுக்குப் புள்ளிகள். கூர்மையான ஓரத்தை அலைகளாக எழுதிப் பாதியில் வெட்டினால் இப்படித்தான் சிதறும். படத்தை எடுத்துவிட்டு, அந்த இரண்டு சொற்களையும் எழுத்தாகவே தட்டச்சு செய்தோம். தமிழை எழுத்தாக வைக்க முடியாமல் நான் தவித்த இடத்தில், இன்று அது தானாக நிற்கிறது. அந்தத் தலைப்பு திரையில் வந்தபோது என் கண் கலங்கியது. மகளிடம் காரணம் சொன்னேன். பிறகு அவரே உட்கார்ந்து ஒவ்வொரு புடவைப் படத்துக்கும் மாற்று உரை எழுதினார்: 'அரக்கு உடல், கிளிப்பச்சைக் கோர்வைக் கரை, ஜரிகையில் மயில்கண் வேலை.' படம் வராத போனிலும் அந்த வரி வந்துவிடும். பார்வையற்ற ஒருத்தி தன் கல்யாணப் புடவையைத் தானே தேர்ந்தெடுப்பாள்.

இன்னொன்றையும் அன்று நாங்கள் யோசிக்கத் தேவை இருக்கவில்லை. பல படங்களை மகள் நெசவாளர்களின் வீட்டுக்கே போய், தறியில் வைத்து எடுத்திருந்தார். போன், படத்தோடு சேர்த்து எடுத்த இடத்தையும் கோப்புக்குள் எழுதிவைக்கும். அப்படியே ஏற்றியதால், எந்தப் புடவை எந்தத் தெருவில் எந்த வீட்டில் நெய்யப்பட்டது என்பது யாருக்கும் தெரியும் நிலையில் இருந்தது. நெசவாளர்களிடம் நாங்கள் கேட்டது புடவையைப் படமெடுக்க மட்டும்தான். சேமிக்கும்போது இடவிவரத்தை நீக்குவது ஒரு சின்னப் பெட்டியில் ஒரு குறி. அதைப் போட்டு, பழைய கோப்புகளையும் மாற்றினோம்.

இவ்வளவும் முடிந்த மாலையில் மகள் கேட்டார்: "அண்ணா, நீங்க முதல்ல கட்டின தளத்துல ஒரு யாளிக் கரைப் புடவை இருந்துச்சே, அந்தப் படம் இருக்கா? அதை மறுபடி நெய்யணும்னு அப்பாவுக்கு ரொம்ப ஆசை."

அந்தப் புடவை எனக்கு நன்றாக நினைவிருந்தது. அதை நெய்த பெரியவர் காலமாகிப் பதினைந்து வருடம் ஆகியிருந்தது. கரையின் வடிவத்தைத் தறிக்குச் சொல்லும் ஜக்கார்டு அட்டைகள் செல்லரித்துப் போய்விட்டன. புடவை விற்றுப்போயிருந்தது. ஸ்டுடியோ மூடிவிட்டது, நெகட்டிவ் எங்கே போனது என்று யாருக்கும் தெரியவில்லை. பிரிண்ட்கள் இருந்த ஆல்பம் பரணில் ஈரம் குடித்து, போட்டோக்கள் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தன. நான் செய்த 6.5 எம்பி ஸ்கேன்கள் அறுபதையும் ஒரே ஒரு சிடியில் எழுதிவிட்டு, இடம் வேண்டும் என்று ஹார்ட் டிஸ்கிலிருந்து அழித்திருந்தேன். அந்த சிடியின் மேற்பூச்சு உரிந்து, வெளிச்சத்தில் பிடித்தால் ஓட்டை ஓட்டையாகத் தெரிந்தது. மிஞ்சியது, வலைக்கென்று நான் சுருக்கிய கோப்பு மட்டும். 220க்கு 330. 14 கேபி.

பெரிதாக்கித் திரையில் வைத்தோம். கரை மொத்தம் 18 பிக்சல் அகலம். ஒரு யாளிக்கு எட்டுக்கு எட்டு சதுரங்கள் இரண்டுதான் கிடைத்திருந்தன. கால் இருந்த இடத்தில் ஒரு மங்கல். துதிக்கை இருந்த இடத்தில் இன்னொரு மங்கல். முப்பது பிக்சலுக்கு ஒன்றை வைத்துக்கொண்டு, அதிலும் நுண் அலைகளை நானே வெட்டியிருக்கிறேன். செங்கத்து அம்மாவைப் போன்ற ஒருவர் காத்திருக்கக் கூடாது என்று அன்று வெட்டினேன்; அது சரி. பிறகு வரப்போகிற ஒருவருக்காக மூலத்தைப் பத்திரமாக வைக்கவில்லை, அது தவறு. அன்று காத்திருப்பவரை நினைத்தோம், வரப்போகிறவரை மறந்தோம். இன்று எல்லாவற்றையும் எடுத்தபடியே குவித்து வைக்கிறோம், காத்திருப்பவரை மறக்கிறோம். அனுப்புவதற்கு ஒரு கோப்பு, வைத்திருப்பதற்கு ஒரு கோப்பு. இரண்டும் வேறு வேறு மனிதர்களுக்கு நாம் பட்ட கடன். ஒன்றைத் தீர்த்துவிட்டு மற்றதைத் தீர்த்ததாக நினைக்க முடியாது.

முதலாளியை நாற்காலியோடு திரைக்கு முன்னால் கொண்டுவந்தோம். கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். பிறகு விரலைத் திரையில் வைத்து, "இந்த எடத்துல துதிக்கை மேல போய் உள்ள சுருளும். கால்ல மூணு நகம். வால் நுனியில ஒரு மொக்கு. அந்தப் பெரியவர் எப்பவும் மொக்குதான் வெப்பார், பூ வெக்க மாட்டார்," என்றார். என் 14 கேபியில் இல்லாத ஒவ்வொரு இழையும் அவரிடம் இருந்தது. மறுநாள் வடிவமைப்பாளர் ஒருவர் கிராஃப் தாளோடு வந்து உட்கார்ந்தார். நெசவுக்கு வரையும்போது தாளின் ஒவ்வொரு கட்டமும் பாவும் ஊடையும் சந்திக்கும் ஓர் இடம். நிரப்பினால் ஜரிகை, விட்டால் பட்டு. முதலாளி சொல்லச் சொல்ல, கட்டம் கட்டமாக யாளி எழுந்தது. மூன்று நாள் ஆனது.

நாலாம் நாள் அந்தத் தாளை என்னிடம் கொடுத்தார்கள். அங்குலத்துக்கு 600 புள்ளியில் ஸ்கேன் செய்தேன். எதையும் இழக்காத டிஃப் வடிவத்தில், 'மூலம்' என்று பெயரிட்ட மூன்று வெவ்வேறு வட்டுகளில் சேமித்தேன். ஒன்று கடையில், ஒன்று மகள் வீட்டில், ஒன்று என்னிடம். பிறகு அதே யாளியை 400 பிக்சலுக்குச் சுருக்கி, ஓரம் கலங்காதபடி ஒருமுறை பார்த்து, 'வலை' என்ற கோப்புறையில் வைத்தேன்.

மகளின் போனில் அன்றைய டேட்டா தீர்ந்திருந்தது. அதிலேயே திறந்து பார்த்தோம். முதலாளி பழைய வழக்கப்படி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மூன்று நொடியில் கரை வந்தது.